யூதக் கல்யாணத்துக்கு சாப்பாட்டு ஜெபப் புத்தகம் அடிக்கணும், எதைப் பாத்து தேர்வு பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அரண்மனை_ஆஃப்செட் (ராமநாதபுரம்):

எல்லாருக்கும் வணக்கம். ராம்நாட்டுல அப்பா காலத்துல இருந்து பிரஸ் வச்சிருக்கோம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கந்தூரி நோட்டீஸ், சர்ச் திருவிழா பாட்டு புக்குன்னு எல்லாம் அடிச்சிருக்கோம், ஆனா இப்ப வந்திருக்குற ஆர்டர் எங்களுக்குப் புதுசு. என் தங்கச்சி கொச்சியில படிச்சப்ப ஹாஸ்டல்ல கூட இருந்த பொண்ணு, கொச்சி யூதக் குடும்பம், தாத்தா பாட்டி எல்லாம் 1950கள்ல இஸ்ரேல் போனவங்க, ஒரு கிளை மட்டும் இங்கயே தங்கிருச்சு. அந்தப் பொண்ணுக்கு மாசி மாசம் கொச்சியில கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஐரோப்பால இருந்து போன யூதக் குடும்பம். அவங்க வழக்கத்துல கல்யாணம் முடிஞ்சு ஏழு நாள் விருந்து நடக்குமாம், அதுல ஒரு நாள் ராத்திரி விருந்தை இங்க மண்டபம் ஊர்ப் பக்கம் கடக்கரையில வச்சுக்கலாம்னு என் தங்கச்சியும் அவ சிநேகிதிகளும் கேட்டு அவங்களும் சரின்னுட்டாங்க. சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் ஒரு சின்ன புத்தகத்தைப் பாத்து நன்றி ஜெபம் சொல்வாங்களாம், பிர்கத் ஹமாசோன்னு பேரு, அந்தப் புத்தகத்துல பொண்ணு மாப்பிள்ளை பேரும் தேதியும் போட்டு வந்தவங்களுக்கே குடுத்து அனுப்பிருவாங்களாம். 200 புத்தகம், கொச்சி கல்யாணத்துக்கும் இங்க நடக்குற விருந்துக்கும் சேத்து, "உங்க அண்ணன் பிரஸ்லயே அடிச்சுக் குடுங்க"ன்னு அந்தப் பொண்ணு ஆசையா கேட்டிருக்கு.

என் சந்தேகம் இதுதான். ரெடிமேடா வெளிநாட்டுல இருந்து வாங்கி அட்டையில மட்டும் பேர் அடிச்சுக் குடுக்குறதா, இல்ல முழுசா நாமளே செட் பண்றதா? எபிரேயம் மட்டும் போதுமா, இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பும் வேணுமா, எங்க ஊர்க்காரங்களும் ஒரு நாப்பது பேர் உக்காருவாங்க அவங்களுக்காக தமிழ் வேணுமா? அட்டையில பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போடலாமா? தப்பா ஏதும் செஞ்சிரக்கூடாதுன்னு மனசுல ஒரே பதட்டமா இருக்கு, அடுத்தவங்க சாமி காரியம்.

தங்கச்சிமடம்_பொண்ணு (இப்ப இஸ்ரேல்ல வேலை):

அண்ணே, நான் ஹைஃபாவுல ஒரு பாட்டியைப் பாத்துக்குற வேலையில இருக்கேன், அதனால இந்தப் புத்தகம் எனக்கு நல்லா பழக்கம். பாட்டி வீட்டு மேசை டிராயர்ல ஒரு கட்டு இருக்கும், பேரன் பேத்தி, அக்கா தங்கச்சி பிள்ளைங்க, அக்கம்பக்கத்து வீடுன்னு எல்லார் கல்யாணத்துலயும் குடுத்தது, சில அட்டை வெல்வெட்டு, சிலது சாதா காகிதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் ஏதோ ஒண்ணை எடுப்பாங்க, அட்டையில இருக்குற பேரைப் படிச்சுட்டுதான் ஜெபமே ஆரம்பிப்பாங்க. அவங்க அதிகமா எடுக்குறது எழுத்து பெருசா இருக்குற ஒரு பழைய புத்தகத்தைத்தான், வெல்வெட்டு அட்டை போட்டதெல்லாம் அடியிலயே கிடக்கு. அதனால இது ஞாபகப் பரிசுன்னு நினைச்சு அட்டையில ஆரம்பிக்காதீங்க, இது வாயால சொல்றதுக்கான புத்தகம், உள்ள இருக்குற எழுத்துல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல கேக்க வேண்டியது எந்த முறைப்படின்னு. நுசாஹ்னு சொல்வாங்க. ஐரோப்பா பக்கத்து யூதர்கள் சொல்றது அஷ்கெனாஸ் முறை, ஸ்பெயின், அரபு நாடு, கிழக்குப் பக்கம் இருந்து வந்தவங்க சொல்றது வேற மாதிரி, அதை எதோத் ஹமிஸ்ராஹ்னு போடுவாங்க. கொச்சிக்காரங்க ஜெபமும் இந்த ரெண்டாவது பக்கத்துக்குத்தான் நெருக்கம், தனி வழக்கமும் கொஞ்சம் வச்சிருக்காங்க. அடிப்படை ஒண்ணுதான், ஆனா வரிக்கு வரி வார்த்தை மாறும், சின்ன வயசுல இருந்து வாயில ஊறினதை விட்டுட்டு வேற வரி வந்தா பாதியில தடுமாறுவாங்க. உங்க கல்யாணத்துல பொண்ணு ஒரு முறை மாப்பிள்ளை ஒரு முறை, அதனால ரெண்டும் இருக்குற புத்தகமா செய்யுங்க, முதல் பாதி ஒண்ணு, அடுத்த பாதி ஒண்ணு, எது எங்க ஆரம்பிக்குதுன்னு பக்க ஓரத்துலயே தெரியணும். எந்த முறை முன்னாடி வரணும்னு ரெண்டு வீட்டையும் கேட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

ரெண்டாவது, கல்யாணத்துக்குன்னே வர்ற பகுதி. ஜெபம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் மத்தவங்களைக் கூப்பிடுவார், ஸிம்முன்னு பேரு, மூணு பேர் சேந்து சாப்பிட்டாலே அது உண்டு, பத்து பேர் ஆனா கடவுள் பேரும் சேரும், கல்யாணம்னா "எவருடைய இருப்பிடத்தில் மகிழ்ச்சி உள்ளதோ"ங்குற மாதிரி ஒரு வரி கூடும். எல்லாம் முடிஞ்சதும் ஏழு ஆசீர்வாதம், ஷெவா பிராகோத், அதுதான் அந்த ஏழு நாள் விருந்துக்கே உயிர். ரெண்டு கோப்பை திராட்சை ரசம் வைப்பாங்க, ஒண்ணு சாப்பாட்டு ஜெபத்துக்கு, இன்னொண்ணு ஏழு ஆசீர்வாதத்துக்கு, கடைசியில ரெண்டையும் கலந்து பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் குடுப்பாங்க. அந்த ஏழையும் ஒரே ஆள் சொல்றதில்ல, மாமா, சித்தப்பா, சிநேகிதன்னு ஒவ்வொருத்தரைக் கூப்பிட்டு மரியாதை பண்ணி சொல்லச் சொல்வாங்க, அந்த ஒரு பக்கத்தை திறந்தபடியே கோப்பையோட கை மாத்திக் கை மாத்திக் குடுப்பாங்க. அதனால ஏழு ஆசீர்வாதமும் எதிரெதிர் ரெண்டு பக்கத்துல அடங்குற மாதிரி, எல்லாத்தையும் விட பெரிய எழுத்துல போடுங்க. இன்னொரு விஷயம், கல்யாணப் பந்தல்ல சொல்றப்ப திராட்சை ரசத்துக்கான ஆசீர்வாதம் முதல்ல வரும், சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றப்ப அது கடைசியா வரும். இணையத்துல எடுக்குறவங்க பந்தல் வரிசையை எடுத்துப் போட்டுற வாய்ப்பு இருக்கு, பாத்துக்கோங்க.

உச்சரிப்பு இங்கிலீஷ் எழுத்துல கண்டிப்பா வேணும், வெளிநாட்டுல வளந்த பிள்ளைங்க நிறைய பேருக்கு எபிரேயம் தட்டுத்தடுமாறித்தான் வரும். தமிழ் எழுத்துல உச்சரிப்பு வேண்டாம்ணே, நம்ம ஆளுங்க அதைச் சொல்லப் போறதில்ல, நம்ம எழுத்துல அந்த சத்தமெல்லாம் சரியா வரவும் வராது. அதுக்குப் பதிலா ஒரே ஒரு பக்கம் தமிழ்ல, என்ன நடக்குது, எவ்வளவு நேரம் ஆகும், எப்ப ஆமென் சொல்லலாம்னு எழுதிக் குடுத்தா போதும். ஆமென் நமக்கும் தெரியும், பாய்மாருக்கும் தெரியும்.

ஒண்ணு மறந்துட்டேன், இந்த ஜெபம் ரொட்டி சாப்பிட்டாத்தான். கோதுமை, பார்லி மாதிரி அஞ்சு தானியம் சொல்லியிருக்கு, அதுல செஞ்ச ரொட்டி. சோறு மட்டும் சாப்பிட்டா வேற சின்ன ஆசீர்வாதம்தான். நம்ம ஊர் விருந்துன்னு வெறும் சோறும் மீன் குழம்புமா போட்டுட்டா 200 புத்தகமும் சும்மா கிடக்கும். ரொட்டிக்கு அவங்ககிட்டயே கேட்டு ஏற்பாடு பண்ணுங்க. இறாலு, நண்டு, கணவா எதுவும் கிட்டயே வரக்கூடாது, செதிலும் துடுப்பும் இருக்குற மீன்தான் ஆகும், சமையல் யாரு பாத்திரம் யாருதுங்குறதையும் அவங்க மதகுரு ரபிகிட்ட கேட்டுக்கோங்க. திராட்சை ரசத்தையும் அவங்களே கொண்டு வந்து அவங்களே ஊத்திக்கட்டும்.

கீழக்கரை_பைண்டர்:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. தங்கச்சி எல்லாம் தெளிவா சொல்லிட்டாங்க, நான் காகிதம், தையல் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்றேன். வாப்பா காலத்துல இருந்து யாசீன் கிதாபு, மவுலூது கிதாபு, அரபுத்தமிழ் கிதாபு பைண்டிங் பண்ற வேலைதான் எங்களுக்கு, வலப்பக்கம் இருந்து திறக்குற புத்தகம் நமக்குப் பழக்கம். எபிரேயமும் அப்படித்தான். உங்க டிசைனர் பழைய பேஜ்மேக்கர்ல உக்காந்தார்னா எழுத்து தலைகீழா திரும்பிரும், புள்ளியெல்லாம் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா கிடக்கும். இன்டிசைன்ல மிடில் ஈஸ்ட் பதிப்பு போட்டு டாக்குமென்ட் ஆரம்பிக்கும்போதே பைண்டிங் வலப்பக்கம்னு குடுக்கச் சொல்லுங்க. எபிரேயத்துக்கு நம்ம அரபு ஜபர் ஜேர் மாதிரி எழுத்துக்குக் கீழயும் மேலயும் உயிர்ப்புள்ளி உண்டு, வெறும் ஃபேஷன் ஃபான்ட்ல அது சரியா உக்காராது, எஸ்ஐஎல் இலவசமா குடுக்குற எஸ்ரா ஃபான்ட் அதுக்குன்னே செஞ்சது, அதுல போடுங்க.

எழுத்து 14 பாயின்டுக்குக் கீழ போகாதீங்க. சின்னதாக்குனா முதல்ல அடிபடுறது அந்தப் புள்ளிதான், மை நிறைஞ்சா ரெண்டு புள்ளி ஒரு கோடாயிரும், ஓதுறவர் வேற மாதிரி ஓதிருவார். கறுப்பு ஒரே கலர், கோல்டு எழுத்தெல்லாம் உள்ள வேண்டாம், ராத்திரி கடக்கரை லைட்ல கோல்டு மின்னுமே தவிர படிக்க முடியாது. ஆர்ட் பேப்பர் வேண்டாம், லைட் பட்டுக் கண்ணைக் கூசும், கொஞ்சம் மஞ்சள் சாயல்ல 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போடுங்க. அதுக்கும் கம்மியா போனா மண்டபம் காத்துக்குப் பக்கம் நிக்காது, படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். சைஸ் உள்ளங்கையில விரிச்சுப் பிடிக்குற அளவு இருக்கட்டும், அது சட்டைப் பைக்குள்ள போகணும்ங்குறது முக்கியமில்ல.

அடுத்தது பின். நிறைய பேர் சின்ன புத்தகம்தானேன்னு சென்டர் பின் அடிச்சு முடிச்சுருவாங்க. நம்ம கரையில உப்புக்காத்து, ரெண்டு மழை கழியுறதுக்குள்ள பின் துருப்பிடிச்சு நடுப்பக்கம் பூரா பழுப்பா ஊறிரும். இது அந்தப் பாட்டி டிராயர்ல கிடக்குற மாதிரி எத்தனையோ வருஷம் இருக்கப் போற புத்தகம். நூல் தையல் போடுங்க. 32 பக்கம் வந்தா 16 பக்கம் ஃபாரம் ரெண்டு, நடுவுல தைச்சு அட்டை ஒட்டுனா மலத்தி வச்சாலும் மூடாது. அட்டைக்கு கிளாஸ் லேமினேஷன் போட்டா ஈரக்காத்துல சுருண்டுக்கும், மேட் போடுங்க, இல்லாட்டி லேமினேஷனே இல்லாம நல்ல டெக்ஸ்சர் போர்டு.

இதெல்லாத்தையும் விட முக்கியமானது வேஸ்ட் ஷீட். இறைவன் பேரு இருக்குற காகிதத்தை அவங்களும் குப்பையில போட மாட்டாங்க, பழசானதைச் சேத்து வச்சு மண்ணுல அடக்கம் பண்ணுவாங்க, கெனிஸான்னு சொல்வாங்க. நாமளும் பழைய முஸ்ஹஃபு, அதான் குர்ஆன் தாளை கண்ட இடத்துல போடுறதில்லையே, அதே மரியாதைதான். பிரஸ்ல மை செட் ஆகுற வரைக்கும் எத்தனை ஷீட் வேஸ்டாகும்னு உங்களுக்கே தெரியும், பசங்க அதை எடுத்து மிஷின் துடைப்பாங்க, வடை மடிக்க டீக்கடைக்குக் குடுப்பாங்க. அது நடக்கக்கூடாது. அடிக்க ஆரம்பிக்கும்போதே ஒரு அட்டைப்பெட்டி வச்சு ப்ரூஃப், வேஸ்ட், கட்டிங்ல விழுற எழுத்துள்ள துண்டு எல்லாத்தையும் அதுல போடச் சொல்லுங்க, முடிஞ்சதும் பெட்டியோட கொச்சிக்கு அனுப்பிருங்க, ப்ரூஃப் தாளை என்ன செய்யணும்னு அவங்க ரபி சொல்வார். தரையில வச்சு அடுக்காதீங்க, பலகை போட்டு அதுமேல அடுக்குங்க.

அரண்மனை_ஆஃப்செட்:

பாய், தங்கச்சி, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வேஸ்ட் ஷீட் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, இன்னைக்கே மிஷின் பசங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். அவங்க அனுப்புன மாதிரிப் புத்தகத்துல சனிக்கிழமைக்கு ஒரு பத்தி, மாசப் பிறப்புக்கு ஒரு பத்தி, பண்டிகைக்கு ஒரு பத்தின்னு நடுநடுவுல சின்ன எழுத்துல வருது. கல்யாணம் ஞாயித்துக்கிழமை, நம்ம விருந்து புதன்கிழமை. அந்தப் பத்தியெல்லாம் எடுத்துட்டா ரெண்டு முறையும் சேத்து 24 பக்கத்துல அடங்கிரும், எழுத்தும் பெருசாக்கலாம். எடுக்கலாமா? அப்புறம் பத்திரிகை தலைப்புல நாம உ போடுவோம், பாய்மாருக்கு 786 போடுவோம், சர்ச்சுக்கு சிலுவை, இவங்களுக்கு மேல என்ன போடுறது?

தங்கச்சிமடம்_பொண்ணு (இப்ப இஸ்ரேல்ல வேலை):

எடுக்காதீங்கண்ணே, தயவுசெஞ்சு. ஏழு நாள்னா நடுவுல ஒரு சனிக்கிழமை வந்தே தீரும், அன்னைக்கு ரெட்சேன்னு ஒரு பத்தி கட்டாயம். மாசி பங்குனி வாக்குல பூரிம் பண்டிகை வரும், அதுக்கு ஒரு பத்தி, அமாவாசை ஒட்டி மாசப் பிறப்பு வந்தா யாஅலே வெயாவோ. அதுவும் போக இது கல்யாணத்தோட முடியுற புத்தகமில்ல, அடுத்த வாரம் அவங்க வீட்டு மேசையில இருக்கப் போறது, அன்னைக்கு தேவைப்படுற வரி இல்லேன்னா புத்தகத்தை ஓரமா வச்சுருவாங்க. பாட்டி டிராயர்ல அப்படி சுருக்கி அடிச்சது ஒண்ணு இருக்கு, நான் வந்ததுல இருந்து அதை யாரும் எடுத்து நான் பாத்ததில்ல.

ஜெபத்தோட உடம்பு நாலு ஆசீர்வாதம். பாட்டி எனக்கு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க: முதலாவது எல்லாருக்கும் சோறு போடுறதுக்கு, அதை மன்னா விழுந்தப்ப மோசே ஏற்படுத்துனார்னு அவங்க பழைய மதநூல் தல்மூத்துல இருக்கு, ரெண்டாவது நாட்டுக்காக யோசுவா, மூணாவது எருசலேமுக்காக தாவீதும் சாலொமோனும். நாலாவதுதான் எனக்கு மனசுல நின்னது. கி.பி. 132ல இருந்து 135 வரைக்கும் ரோமருக்கு எதிரா நடந்த கலகத்துல பெத்தார்னு ஒரு ஊர் விழுந்து, செத்தவங்களைப் புதைக்கக்கூட விடாம வச்சிருந்தாங்களாம், அப்புறம் புதைக்க அனுமதி கிடைச்ச நாள்ல யாவ்னேங்குற ஊர்ல இருந்த பெரியவங்க நல்லவரும் நன்மை செய்றவருமானவர்னு சேத்த ஆசீர்வாதம் அது. அதைத்தான் கல்யாண விருந்துலயும் சொல்றாங்க. இதுல எதைக் குறைக்குறதுன்னு நாம தீர்மானிக்க முடியாதுண்ணே. பக்கம் கூடுனா கூடட்டும். சின்ன எழுத்துல இருக்குற அந்தப் பத்திகளுக்கு லேசா சாம்பல் கலர் பின்னணி குடுங்க, எப்ப சொல்லணும்னு தலைப்பு போடுங்க, சாதா நாள்ல கண்ணு தானா தாண்டிரும்.

சங்கீதம் 126 முன்னாடி வரணும், ஷிர் ஹமாலோத், கல்யாணத்துக்கு அதைத்தான் பாடுவாங்க. மெட்டு எல்லாருக்கும் தெரியும், பாட ஆரம்பிச்சாங்கன்னா நீங்களும் கூட முணுமுணுப்பீங்க.

மேல போடுறதுக்கு மூணு எழுத்து, பேத் சாமெக் தாலெத், வானத்தின் உதவியோடன்னு அர்த்தம் வர்ற சுருக்கம், வலப்பக்க மூலையில சின்னதா போடுவாங்க. கடவுள் பேரை நேரா எழுதாம இருக்கத்தான் அந்தச் சுருக்கமே. உங்க பிரஸ் வழக்கப்படி நடுவுல உ போட்டுறாதீங்க, குத்துவிளக்கு, கலசம், பிள்ளையார் பார்டர் எதுவும் வேண்டாம். மாதுளம்பழம், திராட்சைக் கொடி, கோதுமைக் கதிர் போடலாம்.

எர்ணாகுளம்_அக்கா:

தம்பி, நான் ராமேஸ்வரத்துக்காரி, கல்யாணம் ஆகி எர்ணாகுளத்துல இருக்கேன், மட்டாஞ்சேரியில கொஞ்ச வருஷம் கடை வச்சிருந்தோம். அட்டைத் தேதி விஷயத்துல ரொம்ப கவனம். அவங்களுக்கு நாள் சாயந்திரம் சூரியன் மறையும்போதே மாறிரும். ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சப்புறம் பந்தல் சடங்குன்னா யூதத் தேதி திங்கட்கிழமைக்கு உரியது, காலண்டர்ல ஞாயிறுக்கு நேரா இருக்குறதை எடுத்துப் போட்டா ஒரு நாள் தப்பாயிரும். எத்தனை மணிக்குச் சடங்குன்னு கேட்டுட்டு தேதியை அவங்க கையாலயே எழுதி வாங்கு. பேரும் அப்படித்தான், பொண்ணு பேரு அப்பா பேரு எல்லாத்தையும் எபிரேயத்துல அவங்களே எழுதித் தரட்டும், மொபைல்ல மொழிபெயர்த்து எடுக்காத. ஃபைனல் ப்ரூஃபை எபிரேயம் சரளமா படிக்குறவங்க ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு முறைன்னு சத்தமா வாசிச்சுப் பாத்து கையெழுத்து போட்டப்புறம் பிளேட் போடு. கண்ணால பாத்தா தப்பு தெரியாது, வாயால சொன்னாத்தான் தெரியும்.

போட்டோ வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஜெபப் புத்தகம், நாளைக்கு யார் யார் கையிலயோ இருக்கும், பேரும் தேதியும் போதும். ஆனா ஒண்ணு சேக்கலாம். கொச்சி யூதப் பொம்பளைங்க மலையாளத்துல கல்யாணப் பாட்டு நிறைய வச்சிருந்தாங்க, நோட்டுல எழுதி வச்சு அம்மாகிட்ட இருந்து மகளுக்குன்னு வந்தது, ஆம்பளைங்க முன்னாடியும் பாடுவாங்க. பொண்ணோட பாட்டிகிட்ட கேளு, அவங்க வீட்டுல பாடுனது ஏதாவது ஒண்ணு கிடைச்சா கடைசிப் பக்கத்துல மலையாள எழுத்துல போடு. அவங்க ஜெபக்கூடம் 1568ல கட்டுனது இன்னும் நிக்குது, பாடுறவங்கதான் கொறஞ்சு போயிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டு ஜெபமுறை எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கும், இது வேற எங்கயும் கிடைக்காது.

ரெடிமேட் வாங்குறதா அடிக்கிறதாங்குற உன் முதல் கேள்விக்கு இதுலயே பதில் இருக்கு. ரெண்டு முறையும் மலையாளப் பாட்டும் தமிழ்ப் பக்கமும் சேந்து எந்தக் கடையிலயும் ரெடிமேடா இருக்காது. ஆனா ஜெப மூலத்தை மட்டும் எடு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை அச்சுப் புத்தகத்துல இருந்து அப்படியே தூக்காத, அது பதிப்பகத்தோட உரிமை. ரபிகிட்ட கேட்டா அவங்க கையில இருக்குறதைக் குடுப்பாங்க.

பெரியபட்டினம்_வாத்தியார்:

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். மண்டபம் விருந்துக்கு வர்றவங்ககிட்ட சொல்லுங்க, எங்க ஊர் பெரியபட்டினத்துல எபிரேய எழுத்து வெட்டுன கல்லறைக் கல்லு கிடைச்சிருக்கு, 13ஆம் நூற்றாண்டைச் சேந்தது. அப்ப இது பெரிய துறைமுகம், சீனப் பீங்கான் ஓடு அகழாய்வுல குவியலா வந்துச்சு. இந்தக் கரையில அவங்க ஆளுங்க இருந்து வாழ்ந்து செத்திருக்காங்க, அப்பவும் யாராவது ரொட்டி சாப்பிட்டுட்டு இதே ஜெபத்தைச் சொல்லியிருப்பாங்கதானே. புத்தகத்துல போடுங்கன்னு சொல்லல, ஜெபத்துக்கு நடுவுல ஊர்ப் பெருமை வேண்டாம், தமிழ்ப் பக்கத்து அடியில ரெண்டு வரி போட்டா நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கும். மதியமே வந்தாங்கன்னா ஊரைச் சுத்திக் காட்ட நான் இருக்கேன்.

அரண்மனை_ஆஃப்செட்:

வாத்தியாரே, கண்டிப்பா போடுறேன், பொண்ணுகிட்ட ஃபோன்ல சொன்னேன், அவங்க பாட்டியே அந்த ஊருக்குப் போகணும்னு சொல்லிட்டாங்களாம், மதியத்துக்கே வேன் ஏற்பாடு பண்றோம். எர்ணாகுளம் அக்கா சொன்ன பாட்டும் கிடைச்சிருச்சு, பாட்டி பாடி ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்காங்க, எழுதுனதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு வீட்டையும் கேட்டதுல பொண்ணு வீட்டு முறை முன்னாடி, மாப்பிள்ளை வீட்டு முறை பின்னாடின்னு அவங்களே பேசி முடிவு பண்ணிட்டாங்க. 48 பக்கம் வருது, எதையும் எடுக்கல. பந்தல் சடங்கு சாயந்திரம் ஆறரைக்கு மேலதானாம், அதனால தேதி திங்கட்கிழமை கணக்குலதான், அக்கா சொல்லலேன்னா ஞாயிறு தேதியே அட்டையில ஏறியிருக்கும்.

பைண்டர் பாய், 48 பக்கம்னா மூணு ஃபாரம், நடுத்தையல் தாங்குமா இல்ல ஃபாரம் ஃபாரமா தைக்கணுமா? தையல் வேலையை உங்ககிட்டயே குடுத்துரலாம்னு இருக்கேன், டம்மி ஒண்ணு வெள்ளைத் தாள்ல மடிச்சு வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை கொண்டு வரட்டுமா?

கீழக்கரை_பைண்டர்:

நடுத்தையல் வேண்டாம், ஃபாரம் ஃபாரமா தைச்சு முதுகுல துணி ஒட்டித் தர்றேன். வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு மூணு மணிக்கு மேல வாங்க தம்பி, டம்மியோட அந்த மேப்லித்தோவுல ரெண்டு ஷீட்டும் எடுத்துட்டு வாங்க, நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டுத்தான் மடிப்பு சொல்ல முடியும். இன்ஷா அல்லாஹ் நல்லபடியா செஞ்சுருவோம்.